சம்மந்திகளுக்கு ஒரு பாலம்

“என் பேருக்கு எதுக்கும்மா ரெண்டு வாலு?”

மருமகள் கொடுத்த போனைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு தேவகி கேட்டார். திரையில் அவர் பெயருக்கு முன்னால் ஒரு @, பின்னால் ஒரு @, அதற்கும் பின்னால் வாயில் நுழையாத ஒரு சொல்.

“அது வாலு இல்லங்கத்தை. மொதல்ல இருக்கறது உங்க பேரு. பின்னால இருக்கறது நீங்க குடியிருக்கற எடம்,” என்றாள் ஹேமலதா.

“நாம குடியிருக்கறது ஆரணியில. இதுல வேற என்னமோ போட்டுகினு இருக்குதே!”

ஹேமலதா பெருமூச்சு விட்டாள். பெங்களூரில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்து வந்தாள். ஒரே முதலாளியின் பிடியில் இல்லாமல், ஆளாளுக்குத் தனித்தனியாக நடத்தும் சமூக வலைத்தளங்கள் இப்போது பெருகிவிட்டன. ஒன்றில் இருப்பவர் எழுதுவது இன்னொன்றில் இருப்பவருக்குப் போய்ச் சேராது. அவற்றுக்கு நடுவே பாலம் போட்டு, அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே அடுத்தவரோடு பேச வைப்பதுதான் கம்பெனியின் தொழில். கம்ப்யூட்டர் ஆட்கள் கையில் அந்தப் பாலம் நன்றாகத்தான் ஓடியது.

“சாதாரண மனிதர்கள் கையில் ஓட வேண்டும்,” என்று மேலாளர் ராகினி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். “வேறு வேறு தளத்தில் இரண்டு பேர். நம் உதவி இல்லாமல் ஒரு மணி நேரம் பேச வேண்டும். முதலீட்டாளர்கள் நேரடியாகப் பார்ப்பார்கள். உன் வேலையை நிரந்தரமாக்குவது பற்றி அதற்கப்புறம் பேசலாம்.”

“எங்க குடும்பத்திலேயே ரெண்டு பேர் இருக்காங்க!” என்று ஹேமலதா வாயைக் கொடுத்துவிட்டாள். ஆரணியில் மாமியார் தேவகி ஒரு தளத்தில். பக்கத்து ஊரான சேத்துப்பட்டில் அம்மா உண்ணாமலை இன்னொரு தளத்தில். இருவரும் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். இவர்களைவிடச் சாதாரண ஆட்களுக்கு எங்கே போவது?

முதல் ஒத்திகையில் தேவகியின் போனுக்கு ஒரு வரிகூட வரவில்லை. ஆனால் அம்மாவோ அரை மணி நேரம் பேசி முடித்திருந்தார்.

“உங்கத்தை தங்கமானவங்கடி. எவ்ளோ அன்பாப் பேசறாங்க! கோலாலம்பூர்ல ஒரே மழையாம்.”

“அம்மா! அத்தை ஆரணியில இருக்காங்க!”

“அதான் நானும் கேட்டேன், எப்போ போனீங்கன்னு. பொறந்ததே இங்கதான்னாங்க. சம்மந்தியாச்சே, தோண்டித் துருவக்கூடாதுன்னு விட்டுட்டேன்.”

வேறு ஒரு தேவகி. ஹேமலதா, பெயர் தேடும் வசதியையே எடுத்துவிட்டு, இருவரையும் நேராக இணைத்தாள். அடுத்த ஒத்திகையை ராகினியும் பார்த்தாள்.

“சாப்ட்டீங்களா சம்மந்தி?”

“ஆச்சு. நீங்க?”

“ஆச்சு.”

“சரி, அப்பறம் பாக்கலாம்.”

அதோடு திரை அசையவில்லை.

“பாலம் உடைந்துவிட்டதா?” என்றாள் ராகினி பதற்றமாக.

“இல்லை மேடம். பேசி முடிச்சிட்டாங்க.”

“இதற்கா யாராவது முதலீடு செய்வார்கள்?”

பேச ஒரு பொருள் வேண்டும் என்று ஹேமலதா யோசித்தாள். அன்று காலை வீட்டுத் தறியிலிருந்து அறுத்த மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலையைப் படம் எடுத்துப் போடும்படி மாமியாரிடம் சொன்னாள். அந்த நிறம் தேவகியே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அவரும் ஆசையாகப் போட்டார். சேத்துப்பட்டில் உண்ணாமலை அதைப் பார்த்து மகிழ்ந்து, சிவப்பு இதயம் ஒன்றை அழுத்தினார். பாலத்தைத் தாண்டும்போது அந்த இதயம் வாய்விட்டுச் சிரிக்கும் முகமாக மாறி, ஆரணியில் வந்து விழுந்தது.

“இன்னாத்துக்குச் சிரிக்கறாங்க?” தேவகியின் முகம் சுருங்கியது. “என் சேலை அவ்ளோ கேவலமாவா இருக்குது?”

“சிரிக்கலங்கத்தை. இதயம்தான் போட்டாங்க. வர்ற வழியில மாறிடுச்சு.”

“வழியில எப்பிடிம்மா மாறும்? சேத்துப்பட்டு பஸ்ல ஏறினவங்க கண்ணமங்கலத்துலயா போய் எறங்குவாங்க?”

ஹேமலதா அவசர அவசரமாகப் பாலத்தைச் சரிசெய்து, பழைய இதயத்தை மறுபடி அனுப்ப வைத்தாள். அது மறுபடியும் சிரிப்பாகவே, அதுவும் திரும்பத் திரும்பப் போகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சிரிக்கும் முகங்கள் வந்து தேவகியின் திரையை நிரப்பின. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு ‘போதும்’ என்று ஒரே ஒரு சொல்லைத் தட்டினார். அது மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் சேத்துப்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

உடனே அம்மாவிடமிருந்து போன். “போதும்னு எழுதறாங்களே, நான் இன்னாடி பண்ணேன்?”

“ஒண்ணும் இல்லம்மா. கொஞ்ச நாளைக்கு நீ எதையும் அழுத்தாத.”

“அவங்க சொல்லச் சொன்னாங்களா?”

“ஐயோ, இல்லம்மா!”

“அப்போ நீயே சொல்றியா? ஒரே வருஷத்துல அந்த வூட்டுப் பொண்ணாவே ஆயிட்டே!”

இந்தப் பக்கம் சமாதானம் சொன்னால் அந்தப் பக்கம் கோணியது. அந்தப் பக்கம் சொன்னால் இந்தப் பக்கம். முதலீட்டாளர்கள் பார்க்கும் நாளுக்கு முந்தின நாள், ஹேமலதா இருவரிடமும் தனித்தனியாகக் கெஞ்சினாள்.

“நாளைக்கு ஒரு நாளு எனக்காகப் பேசுங்க. பாதியில மட்டும் நிறுத்திடாதீங்க. பேச்சு நின்னா என் வேலையும் நின்னுடும்.”

“பாத்துக்கலாம்,” என்றார் மாமியார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

“பாத்துக்கலாம்,” என்ற கையோடு அம்மா போனை வைத்துவிட்டார்.

மறுநாள் ராகினியும் முதலீட்டாளர்களும் ஹேமலதாவின் மடிக்கணினித் திரையில் வந்து அமர்ந்தார்கள். தேவகி போனோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“சாப்ட்டீங்களா சம்மந்தி?” என்று உண்ணாமலை ஆரம்பித்தார்.

“சாப்ட்டேன். உங்க வூட்டுக் கல்யாணத்துல சாப்ட்ட மாதிரி அரை வயித்துக்கு இல்ல.”

ஹேமலதா ஓரக்கண்ணால் ராகினியின் முகத்தைப் பார்த்தாள்.

“அரை வயிறா? நீங்க ரெண்டு பந்தியில உக்காந்ததை எங்க ஊரே பாத்துதே!”

“மொத பந்தியில வடை தீந்துபோச்சு. அதான் மறுக்கா உக்காந்தேன்.”

“வடையை முந்தானையில முடிஞ்சுகினு போனது யாருன்னு சொல்லட்டுமா?”

“நீங்க குடுத்த முந்தானையில எதை முடியறது? பட்டு நெய்யற வூட்டுக்கே வந்து, பாலியெஸ்டர் சேலையைப் பட்டுன்னு தட்டுல வெச்சுக் குடுத்தவங்கதானே நீங்க!”

“அந்தச் சேலையை உங்க ஊர்க் கடையிலதான் வாங்கனேன். போய் உங்க ஊரைக் கேளுங்க!”

தமிழ் தெரியாத முதலீட்டாளர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஒரு வரி வந்து முடிவதற்குள் பதில் வரி முளைத்தது.

“என்ன ஓட்டம்! என்ன பேசுகிறார்கள்?” என்று ராகினி கேட்டாள்.

“அது… கல்யாண நினைவுகள் மேடம். அப்பறம் ஜவுளி.”

“எவ்வளவு நெருக்கம்!” என்று உருகினார் ஒரு முதலீட்டாளர்.

ஒரு மணி நேரமும் பாலம் ஓயவில்லை. வடையில் தொடங்கிய சண்டை மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த பேண்டு செட்டுக்குப் போய், அங்கிருந்து தமிழ்வாணனின் மூக்குக்கு வந்தது. தமிழ்வாணன் ஹேமலதாவின் கணவன். பட்டுக்கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தவன், அவள் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தான். மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கடைசி இரண்டு வரிகள் வந்தன.

“இரு. நேர்லயே வந்து கேக்கறேன்.”

“வா. நானும் பாக்கறேன்.”

மரியாதையும் போய்விட்டது. உள்ளறைக் கதவு திறந்தது. தேவகி செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். எழுந்து ஓட ஹேமலதாவால் முடியவில்லை. “வாழ்த்துகள்! உன் வேலை நிரந்தரம்!” என்று ராகினி கைதட்டிக்கொண்டிருந்தாள். முதலீட்டாளர்கள் ஒவ்வொருவராகப் பாராட்டிப் பேசினார்கள். எல்லாருக்கும் சிரித்து நன்றி சொல்லிவிட்டு, மடிக்கணினியை மூடியதும் அழுதேவிட்டாள்.

தமிழ்வாணன் வண்டியை எடுத்தான்.

“உனக்கு வேலை நிரந்தரமாச்சு. எனக்கு ரெண்டு வூட்லயும் சோறு இல்லாமப் போச்சு,” என்றான், சேத்துப்பட்டுச் சாலையில் திரும்பியபடி.

“பேஜார் பண்ணாதீங்க. ஜல்தி போங்க!”

அம்மா வீட்டு வாசலில் வண்டி நிற்பதற்கு முன்பே ஹேமலதா குதித்து இறங்கினாள். உள்ளேயிருந்து அலறல் போல ஒரு சத்தம். அவள் அப்பா சடையப்பன் வெளியே நாற்காலி போட்டு, வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா! உள்ள அடிச்சுக்கறாங்க, நீங்க இங்க உக்காந்துகினு இருக்கீங்களே!”

“சிரிக்கறாங்கம்மா,” என்றார் சடையப்பன். “அன்பாப் பேசினா நாலு வரியில தீந்துபோவுது, பொண்ணு வேலை போயிடும்னு ரெண்டு பேரும் நேத்து ராவெல்லாம் போன்ல பேசி வெச்சுகினுதான் சண்டை போட்டாங்க. சண்டைக்கு ஒண்ணுமே கெடைக்கலியேன்னு தவிச்சாங்க. அந்தப் பாலியெஸ்டர் சேலைக் கதையை நான்தான் கட்டிவிட்டேன்!”