சுரைக்காய் சீசன் முடிந்த கதை

இருபதாவது நாள் காலையில், பல் விளக்கிக்கொண்டே தராசுக்காரர் ஒரு சபதம் எடுத்தார். இனிமேல் இந்த வாயில் சுரைக்காய் நுழையாது! வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அடுப்பங்கரையில் ‘சரக், சரக்’ என்று தோல் சீவுகிற சத்தம். என்ன காயின் தோல் என்று வேறு சொல்ல வேண்டுமா?

மனுஷர் தராசு ரிப்பேர் பார்க்கிறவர். கடைத்தெரு முனையில் ஒரு ஆள் உட்கார இடமிருக்கும் கடை. முள் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் தட்டி நிமிர்த்திவிடுவார். வீட்டுத் தராசில் மட்டும் முள் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். அதை நிமிர்த்த அவரிடம் கருவி கிடையாது.

மனைவிக்கு ஒரே ஒரு சட்டம். எந்தப் பருவத்தில் எது விளைகிறதோ அதுதான் சமையல். அப்போதுதான் காய் பிஞ்சாக இருக்கும், மலிவாக இருக்கும், உடம்புக்கும் ஒத்துக்கொள்ளும். நியாயம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் ஒரு பருவத்தில் பத்துக் காய் விளையுமே! அந்தப் பத்தையும் நகத்தால் கிள்ளிப் பார்ப்பாள். எது ரொம்பப் பிஞ்சோ அதுக்குப் பட்டம் கட்டுவாள். அப்புறம் பருவம் முடிகிறவரை அந்த ராஜா ஆட்சிதான்.

பத்தொன்பது நாளில் அந்தச் சுரைக்காய் போடாத வேஷமில்லை. பொரியலாக வந்தது. குழம்பில் மிதந்தது. தோல் துவையலாகி வந்தது. விதையைக்கூட விடவில்லை, வறுத்து மாலையில் கொறிக்கக் கொடுத்தாள். காம்பு ஒன்றுதான் பாக்கி. முந்தாநாள் அதையும் அவள் கையில் வைத்துக்கொண்டு யோசித்ததை அவர் கண்ணால் பார்த்தார்.

வாயைக் கொப்புளித்துவிட்டு, தைரியத்தைத் திரட்டிக்கொண்டு உள்ளே போனார்.

“இன்னிக்கு ஒரு மாறுதலுக்கு...”

“மாறுதல்தானே? நேத்து வட்டமா நறுக்கினேன். இன்னிக்கு நீளமா நறுக்கறேன்.”

“அதில்லம்மா. உருளைக்கிழங்கு மாதிரி ஏதாவது...”

“உருளைக்கிழங்குக்கு இதுவா சீசன்?”

“சீசன் இல்லாட்டி வாய்க்குள்ள போகாதா?”

“போகும். போனதுக்கப்புறம் என்ன பண்ணும்னுதான் கேள்வி. போன மாசம் கத்திரிக்காய்க்கும் இதே பாட்டைத்தான் பாடினீங்க.”

“போன மாசம் முப்பது நாளும் கத்திரிக்காய் போட்டியே, பாடாம என்ன செய்வேன்?”

“முப்பத்தொண்ணு நாள். பாருங்க, நல்லாத்தானே இருக்கீங்க? சும்மா அலட்டிக்காதீங்க. இன்னும் ஒன்றரை மாசம்தான் சுரைக்காய். அப்புறம் நீங்க கேட்டாலும் கிடைக்காது.”

ஒன்றரை மாசம்! ஜெயிலில்கூட வாரத்துக்கு ஒருநாள் காய் மாற்றுவார்களாம். அழாத குறையாகச் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். நடக்க நடக்க உள்ளே சுரைக்காய் குலுங்கிற்று.

அன்றைக்கு மத்தியானம்தான் அந்த யோசனை வந்தது. யோசனை தள்ளுவண்டியில் வந்தது என்று சொல்ல வேண்டும். அவர் தெருவில் காய் விற்கிற வண்டிக்காரம்மா கடையைத் தாண்டிப் போனாள். அவளுடைய தராசு முள் ஆறு மாசமாக மடங்கிக் கிடந்தது. கூலி கேட்பார் என்று பயந்து ரிப்பேருக்குக் கொடுக்காமலே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, அந்தத் தராசைக் கொண்டா. ஓசியிலேயே சரி பண்ணித் தரேன்.”

அவள் வெயிலை அண்ணாந்து பார்த்தாள். “உடம்புக்கு ஒண்ணுமில்லையே அண்ணே?”

“எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணு. சாயங்காலம் எங்க வீட்டுக்காரி வந்தா, சுரைக்காய் சீசன் முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிடு.”

“அண்ணிகிட்டயா? ஐயோ! அது நகத்தால ஒரு கிள்ளு கிள்ளி, காய் எந்தத் தோட்டம், என்னிக்குப் பறிச்சதுன்னு சொல்ற ஆளு.”

“காயைக் கண்ணுல காட்டினாத்தானே கிள்ளுவா? சாக்கைப் போட்டு மூடிடு.”

“பாவம்ணே அண்ணி.”

“அப்போ நான் பாவமில்லையா? என் மூஞ்சியைப் பாரு!”

பார்த்தாள். மனசு இளகிவிட்டது. “ஆமாண்ணே. வெளிறிப்போய் சுரைக்காய் கலராத்தான் இருக்கீங்க.”

அரை மணி நேரத்தில் முள் நிமிர்ந்தது. கடைசித் திருகை முடுக்கிவிட்டு, வழக்கம்போல அதன் தலையில் ஒரு சொட்டுச் சிவப்பு பெயிண்ட் வைத்தார். தான் முடுக்கிய திருகை வேறொருத்தன் கழற்றினால் தெரியவேண்டும் என்பதற்கான அடையாளம் அது. இருபத்தைந்து வருஷத்துப் பழக்கம், கை தானாகச் செய்யும். செய்துவிட்டது.

அன்று மாலை மனைவி வெறும் பையோடு வந்தாள்.

“சுரைக்காய் சீசன் முடிஞ்சுடுச்சாங்க.”

இந்த இடத்தில் “அப்படியா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். புத்தி இருக்கிறவன் அதைத்தான் செய்வான். நம் ஆளுக்கோ மேடை கிடைத்துவிட்டது.

“என்னது! முடிஞ்சுடுச்சா? அடக் கடவுளே!” நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். “இப்பத்தானேம்மா எனக்கு அது பிடிக்க ஆரம்பிச்சுது. இனிமே ஒரு வருஷம் சுரைக்காயைப் பார்க்காம எப்படி இருப்பேன்?”

தோள்துண்டால் கண்ணை வேறு ஒற்றிக்கொண்டார். அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். “மனசைத் தேத்திக்குங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் தட்டில் உருளைக்கிழங்கு! பொன்னிறமாக, ஓரம் மொறுமொறுவென்று. மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அதற்கு மறுநாளும் உருளைக்கிழங்கு. சீசன் இல்லாத காயை வாசற்படி ஏற்றாதவள் ஏன் இரண்டு நாள் ஏற்றினாள் என்று கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். வாய் ரொம்பிக் கிடந்தது, எங்கே கேட்பது?

மூன்றாம் நாள் மாலை, சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தார். சீட்டி பாதியில் நின்றது.

கட்டிலுக்கு அடியில் சுரைக்காய். பீரோவுக்கு மேலே சுரைக்காய். ஜன்னல் விளிம்பில் வரிசையாகச் சுரைக்காய். அவர் உட்காருகிற நாற்காலியில், அவரைவிட வசதியாக, ஒரு குண்டுச் சுரைக்காய் சாய்ந்திருந்தது.

“எ... என்னம்மா இது?”

“நீங்க அன்னிக்குக் கண் கலங்கினது எனக்குத் தாங்கலைங்க” என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“சீசன்தான் முடிஞ்சுடுச்சே!”

“அதைத்தான் வண்டிக்காரியும் சொன்னா. சொல்லும்போதே அவ தராசு கண்ணுல பட்டுது. ஆறு மாசமா மடங்கிக் கிடந்த முள்ளு நட்டுக்க நிக்குது. திருகு மேல சிவப்புப் பொட்டு.”

தராசுக்காரர் பெயிண்ட் ஒட்டியிருந்த விரலைத் தோள்துண்டில் மறைத்துக்கொண்டார்.

“சாக்கைத் தூக்கி ஒரு கிள்ளு கிள்ளினேன். வெண்ணெய் மாதிரி பிஞ்சு. அவளை ஒண்ணும் சொல்லலை, பாவம். அப்பவும் எனக்கு ஒரு சந்தேகம், நிஜமாவே வருத்தப்படறீங்களோன்னு. அதான் உருளைக்கிழங்கைப் போட்டுப் பார்த்தேன். துக்கத்துல மூணு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்ட மனுஷனை அன்னிக்குத்தான் பார்த்தேன்.”

“அதுக்காக... இத்தனையுமா?”

“வேற என்ன பண்றது? நீங்க கேட்டீங்கன்னு அவ ஒரு வார்த்தை சொல்லிட்டா. சீசன் முடிஞ்சுதுன்னு சொன்னவ சொல்லு பொய்யாகலாமா? அதான் மிச்சமில்லாம நானே வாங்கிட்டேன்.”

சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். ‘சரக், சரக்’ ஆரம்பித்துவிட்டது.

தராசுக்காரர் தரையில் உட்கார்ந்தார். நாற்காலியில்தான் இடமில்லையே. இப்படியும் ஒரு வாழ்க்கையா என்று மனம் விட்டு அழலாம்போல் இருந்தது. அப்புறம் மெதுவாக ஒரு நப்பாசை தலை நீட்டிற்று. கருவிப் பையில் தினம் இரண்டைப் போட்டு மூடி எடுத்துப் போய்விட்டால்? பக்கத்துக் கடைக்காரனுக்குக் கொடுக்கலாம், மாட்டுக்குப் போடலாம். இத்தனையில் இரண்டு குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

அடுப்பங்கரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியிலிருந்த குண்டனை மெல்லத் தூக்கினார். காம்பு ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. அவசரமாகக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒன்றை உருட்டினார். அதிலும் பொட்டு. ஜன்னலில் இருந்தவை அத்தனையும் பொட்டு வைத்துக்கொண்டு அவரையே பார்த்தன.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

“வீட்டுல வச்சிருந்த உங்க பெயிண்ட் டப்பா காலியாயிடுச்சுங்க. நாளைக்கு வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாங்க, இன்னும் ஒரு வண்டி வரவேண்டியிருக்கு.”