சத்தமில்லாமல் போன அறை

வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுக்கும் வரைபடக்காரருக்குத் தன் வீட்டில் தனி அறை கிடைத்ததற்கு ஒரே காரணம், அவருடைய கம்ப்யூட்டர் போட்ட இரைச்சல்தான்.

அது சாதாரண இரைச்சல் இல்லை. பொத்தானை அழுத்தினால் முதலில் ஒரு முனகல். பிறகு ஒரு உறுமல். ஏதாவது ஒரு கட்டடத்தின் படத்தைத் திறந்து, மாடிப்படியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்பினால் போதும், மேஜைக்கு அடியில் மாவு மில் ஓட ஆரம்பித்துவிடும். ஹாலில் வைத்துப் பார்த்தார்கள். டிவியில் செய்தி வாசிப்பவர் வாயசைப்பது மட்டும் தெரிந்தது. அதனால் கம்ப்யூட்டர் பின்பக்கத்துச் சின்ன அறைக்குப் போயிற்று. அதைப் பிரிய மனமில்லாமல் வரைபடக்காரரும் கூடவே போனார். அங்கே மூடிக்கொள்ளக் கதவு இருந்தது, காற்றுக்கு ஜன்னல் இருந்தது, சாப்பிட்டபின் சாய ஒரு சாய்வு நாற்காலியும் இருந்தது.

அவர் மனைவி தையல்காரி. மெஷின் ஹாலில், வாசல் கதவை ஒட்டி. தைக்க வேண்டிய துணி சோபாவில், தைத்த துணி டிவி மேல். போட்டுப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களைக் குளியலறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாக மாதம் ஒரு தடவை கேட்பாள்.

"ஏங்க, அந்த ரூமை எனக்குக் குடுங்களேன்."

"குடுக்கறதுக்கு எனக்கென்ன? ஆனா இந்தச் சத்தத்தை மறுபடி ஹாலுக்குக் கொண்டுவந்தா வீடு தாங்குமா? ஏதோ நான் ஒருத்தன் உள்ள கிடந்து அவஸ்தைப்படறேன். நீங்கல்லாம் நிம்மதியா இருங்க."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தியாகக் களை சொட்டும். துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

வம்பு எங்கே வந்தது என்றால், அந்த இரைச்சல் அவருக்கே எதிரியாகிவிட்டது. நாளுக்கு நாள் ஏறி, மத்தியானத் தூக்கத்தில் கை வைத்தது. ஃபோனில் பேசியவர்கள், "சார், ஹெலிகாப்டர்லயா போயிட்டிருக்கீங்க?" என்று விசாரித்தார்கள்.

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைக்காரரிடம் போய்ச் சொன்னார். கடைக்காரர் நோய் கேட்கிற டாக்டர் மாதிரி தலையை ஆட்டிக் கேட்டார்.

"பிராசசர் தலைமேல ஒரு கூலர் இருக்கும் சார். உங்களோடது ரொம்பச் சின்னது. சூட்டைத் தணிக்கறதுக்கு அந்தக் குட்டி ஃபேன் உயிரைக் கொடுத்துச் சுத்துது. பெரிசா ஒண்ணு போட்டீங்கன்னா மெதுவா சுத்தினாலே போதும்."

"சத்தமே வராதா?"

"சுத்தமா வராது சார்."

வரைபடக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். சத்தம் போனால் தூக்கம் வரும், அறை போய்விடும். சத்தம் இருந்தால் அறை இருக்கும், தூக்கம் போய்விடும். கூலர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே பத்து நிமிஷம் நின்றார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு வெறும் படம் வரைந்துகொண்டிருக்கிறோமே என்று அவருக்கே அவர்மேல் இரக்கம் வந்தது.

மறுநாள் மனைவி தைத்த துணிகளைக் கொடுக்கக் கிளம்பியதும் காரியத்தில் இறங்கினார். முதலில், இருப்பதிலேயே பெரிய கட்டடத்தின் படத்தைத் திறந்து கம்ப்யூட்டரை நன்றாகக் கத்தவிட்டு, பழைய செல்போன் ஒன்றில் அந்தக் கத்தலை இருபது நிமிஷம் பதிவு செய்துகொண்டார். பிறகு ஒயரைப் பிடுங்கி, பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து மூடியைத் திறந்தார். பழைய கூலரின் தகடுகளுக்கிடையே ஒரு தலையணைக்குத் தேவையான தூசி இருந்தது. கூலரை அசைத்து அசைத்துக் கழற்றினார். அடியில் பிராசசர் மேல் தடவியிருந்த, சூட்டைக் கடத்தும் பசை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் கண்ணாடி போல் துடைத்தார். புதுக் கூலரை வைத்துப் பார்த்தார். கம்பீரமாக நின்றது. மூடியை மூடப் போனார். மூடவில்லை. கூலர் ஒரு அங்குலம் வெளியே எட்டிப் பார்த்தது.

ஊரார் வீட்டு ஜன்னலையெல்லாம் நூல் பிசகாமல் வரைகிறவர், தன் பெட்டியை அளக்காமல் போய்விட்டார்.

ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போனார்.

"வாங்கறப்ப அளந்தீங்களா சார்?" என்றார் கடைக்காரர்.

"அளக்கறதுதான்யா என் தொழிலே!" என்று சீறிவிட்டு, குட்டையான வேறொன்றை மாற்றிக்கொண்டு வந்தார். அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தார். பிராசசர் நடுவில் பட்டாணி அளவு புதுப் பசை வைத்தார். கூலரை மேலே அமர்த்தி, நாலு ஸ்க்ரூவையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினார். ஃபேன் ஒயரைச் செருகி மூடினார். மூடியது. பொத்தானை அழுத்தினார்.

ஒன்றும் கேட்கவில்லை.

'போச்சு, செத்துப்போச்சு' என்று தலையில் கை வைத்தார். அப்போது திரை பளிச்சென்று எரிந்தது. குனிந்து பெட்டியோடு காதை வைத்துக் கேட்டார். யாரோ தூரத்தில் பெருமூச்சு விடுவதுபோல் இருந்தது. அவ்வளவுதான். வரைபடக்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தார். பேட்டரியில் ஓடும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கில் ஹாலைப் பார்க்க வைத்தார். அதன் முதுகுக்கு ஒரு தலையணையை அண்டக் கொடுத்தார். பதிவு திரும்பத் திரும்ப ஓடும்படி செய்தார். சத்தமெல்லாம் ஹாலுக்கு, அமைதியெல்லாம் அவருக்கு என்று ஆயிற்று.

மனைவி வந்தாள். "இன்னிக்கும் ஆரம்பிச்சிடுச்சா?" என்று அலுத்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். வரைபடக்காரர் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். நாலு வருஷத்தில் அப்படி ஒரு தூக்கம் அவர் தூங்கியதில்லை.

இரண்டாம் நாளும் ராஜ தூக்கம். மூன்றாம் நாள் ஸ்பீக்கருக்குச் சார்ஜ் இறங்கிவிட்டது. அதைச் செருகி வைத்துக் காத்திருந்த ஐந்து நிமிஷத்தில், இத்தனை நாளாக அவர் கேட்காத ஒன்று கதவைத் தாண்டி வந்தது. மனைவி யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள்.

"ஸ்கூல் நாடகத்துக்கா? நாப்பது உடுப்பா? எனக்கும் ஆசையாத்தாங்க இருக்கு. ஆனா துணியை விரிச்சுப் போட்டு வெட்டறதுக்கு ஒரு இடம் இல்லீங்க. நாளைக்கு ஒரு நாள் டைம் குடுங்க, சொல்றேன்."

வரைபடக்காரரின் மனசுக்குள் எங்கோ ஊசி குத்தியது. எழுந்து கதவுப் பிடியில் கையும் வைத்தார். அதற்குள் ஸ்பீக்கரில் பச்சை விளக்கு எரிந்தது. பதிவை ஓடவிட்டார். ஊசி குத்துவது கேட்காத அளவுக்குச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியும் வைத்தார்.

நாலாம் நாள் மத்தியானம், வேர்த்து விறுவிறுத்து விழிப்பு வந்தது. மேலே மின்விசிறி நின்றுபோயிருந்தது. கதவு தட்டப்பட்டது. தலையணையைக் காலால் தள்ளிவிட்டுத் திறந்தார். மனைவி நின்றாள்.

"ஏங்க, கரண்ட் இல்லை."

"தெரியுது, வேர்க்குது. எப்பப் போச்சு?"

"கால் மணி நேரம் ஆச்சு."

"வந்துடும், வந்துடும்."

"வரட்டும். உங்க கம்ப்யூட்டர் எப்படிங்க ஓடுது?"

வரைபடக்காரர் காதைத் தீட்டினார். காலடியில் மாவு மில் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

"அது... உள்ள கொஞ்சம் மிச்சக் கரண்ட் நிக்கும்."

"கால் மணி நேரத்துக்கா?"

"பெரிய வேலை குடுத்திருந்தேன். முடிச்சிட்டுத்தான் நிக்கும்."

"ரொம்பப் பொறுப்பான கம்ப்யூட்டர்."

அவள் குனிந்து ஸ்பீக்கரை எடுத்தாள். நூல் சிக்கிய பாபினைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொத்தானை அமுக்கினாள். அந்த அமைதியில் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அவங்க வீட்டுல மட்டும் கரண்ட் இருக்கு போல," என்றார் பலவீனமாக.

"எல்லார் வீட்டுலயும் இருக்கு. நம்ம மெயினை நான்தான் ஆஃப் பண்ணேன்."

வரைபடக்காரர் சாய்வு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"கடைக்காரர் நேத்து ஃபோன் பண்ணார்," என்றாள். "'ரெண்டாவதா குடுத்த கூலர் சரியா உக்காந்துச்சாம்மா, சத்தம் நின்னுச்சா'ன்னு கேட்டார். நான் இந்தக் கதவுகிட்டதான் நின்னுட்டிருந்தேன். 'முன்னைவிட நல்லா கத்துதே'ன்னு சொன்னேன். பாவம், மனுஷன் பதறிட்டார். அப்படி இருக்கவே முடியாதும்மான்னு அடிச்சுச் சொன்னார்."

"உன் நம்பர் அவருக்கு எப்படி?"

"பில்லுல நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்க."

"எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் அது ஒண்ணுதான்," என்றார். அது மட்டும் சத்தியமான வார்த்தை. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து எட்டிப் பார்த்தது. வந்த வேகத்திலேயே திரும்பிவிட்டது.

"சரி," என்று இறங்கி வந்தார். "பாதி ரூம் நீ எடுத்துக்கோ. ஒரு கோடு போட்டுப் பிரிச்சுடறேன். அதெல்லாம் எனக்குக் கை வந்த கலை."

"வேணாங்க. மெஷின் ஓடுற ரூம்ல உங்களுக்கு மத்தியானத் தூக்கம் வருமா? உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"அப்ப கம்ப்யூட்டர்?"

"அதுதான் பூனை மாதிரி இருக்கே இப்ப! எங்க வச்சா என்ன?"

தானே துடைத்து, தானே பசை வைத்து, தானே முடுக்கிய நாலு ஸ்க்ரூ கண்முன் வந்து நின்றன. எழுந்து கம்ப்யூட்டரின் ஒயர்களைக் கழற்ற ஆரம்பித்தார். மனைவி மெயினைப் போட்டுவிட்டு வந்து பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் செய்தாள். "நாப்பதும் நானே தைச்சுத் தர்றேங்க. நல்ல இடம் கிடைச்சிருக்கு," என்றாள். அன்று சாயந்திரம் தையல் மெஷின் உள்ளே போனது. ஒரு பக்கம் தூக்கியவர் வரைபடக்காரர். கம்ப்யூட்டர் வெளியே வந்தது. இரண்டு பக்கமும் தூக்கியவர் அவரேதான். சாய்வு நாற்காலி உள்ளேயே தங்கிவிட்டது. போட்டுப் பார்க்க வருகிறவர்கள் உட்கார வேண்டுமாம்.

மறுநாள் காலை வாசல் கதவை ஒட்டிப் போட்ட மேஜையில் உட்கார்ந்து, யாருடைய வீட்டுக்கோ படுக்கையறை பிரித்துக்கொண்டிருந்தார். அழைப்பு மணி அடித்தது. கையில் ஒரு பேண்ட்டுடன் ஒருவர் நின்றார்.

"டெய்லரம்மா இல்லீங்களா?"

உள்ளிருந்து குரல் வந்தது. "ஏங்க, துணி வெட்டிட்டிருக்கேன், பாதியில எழுந்திருக்க முடியாது. என்னன்னு கேட்டு அந்தக் கம்ப்யூட்டர்லயே எழுதி வச்சுக்கங்க!"

வரைபடக்காரர் படுக்கையறையை மூடிவிட்டு வெறும் பக்கம் ஒன்றைத் திறந்தார்.

"எவ்வளவு குறைக்கணும்?"

"ஒன்றரை இஞ்சுங்க." வந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "போன மாசம் வந்தப்ப உங்களைப் பாக்கலையே. புதுசா வேலைக்குச் சேந்திருக்கீங்களா?"

வரைபடக்காரர் உள்ளறைக் கதவை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமாங்க. இன்னிக்குத்தான்."