அத்தை கேட்காத கேள்வி

லாரி மூன்றாவது தடவையாக இருமியபோது, ஆய்தால் ஏதோ பாட்டை முணுமுணுப்பவன்போல உதட்டை அசைத்தான். உண்மையில் அவன் வேண்டிக்கொண்டிருந்தான். பக்கத்து இருக்கையில் அவன் மாமியார் மத்ரோனா, மடியில் பணியார டப்பாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன சத்தம் மாப்பிள்ளை?"

"பாதை மேடு பள்ளம் அத்தை. அதான் குலுக்குது."

அவர்கள் போய்க்கொண்டிருந்தது உறைந்த ஆற்றின் மேல். மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. மத்ரோனா ஆற்றை ஒரு முறை பார்த்தார், மருமகனை ஒரு முறை பார்த்தார், மறுபடி டப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பத்தொரு டிகிரி. விட்ட ஊர் எழுபது கிலோமீட்டர் பின்னால், போக வேண்டிய ஊர் தொண்ணூறு கிலோமீட்டர் முன்னால். அந்தப் பக்கத்தில் அக்டோபரில் கிளப்பிய இன்ஜினை ஏப்ரலில்தான் அணைப்பார்கள். சாப்பிடப் போனாலும், தூங்கப் போனாலும், கல்யாணத்துக்குப் போனாலும் வாசலில் லாரி உறுமிக்கொண்டே நிற்கும். நடு ஆற்றில் இன்ஜின் நின்றுபோனால் ஒரு மணி நேரத்தில் லாரி விறைத்துவிடும். ஆட்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

ஆய்தாலுக்குச் சாவுபயம் இருந்தது. அதற்குச் சமமாக இன்னொரு பயமும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கல்யாணப் பந்தியிலேயே மத்ரோனா, "தேயிலையை எண்ணிப் போடுற ஆளுக்கா என் பொண்ணைக் கொடுக்கிறேன்?" என்று நாலு பேர் காதுபடக் கேட்டவர். அதற்குப் பிறகு மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக வருகிறார். கிளம்பும் முன் மனைவி குன்னெய் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: அம்மா வாயிலிருந்து உன் கஞ்சத்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை வந்தால், திரும்பிப் போகும்போது அம்மாவோடு நானும் போய்விடுவேன்.

அப்படிச் சொன்ன பிறகும் அவன் என்ன செய்தான் என்றால், காலையில் மாமியாரின் ஊருக்குள் நுழைந்ததும் நேரே கொதிகலன் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மலிவு டீசல் விற்கும் ப்ரோகோப்பி என்பவனின் கொட்டகைக்குப் போய், பங்க் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு டீசல் அடித்துக்கொண்டான். இருவருமே கண் மட்டும் தெரியும்படி கம்பளி சுற்றியிருந்ததால் யார் எவர் என்று விசாரிக்கவில்லை. வழக்கமாக பங்க்குக்கு வெளியே டீசல் வாங்குபவர்கள் ஒரு பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் பனியில் வைத்துப் பார்ப்பார்கள். கலங்கினால் அது குளிரில் உறைந்துபோகும் கோடைச் சரக்கு, கலங்காவிட்டால் குளிர்காலச் சரக்கு. ஆய்தாலுக்குப் பத்து மணிக்கு மாமியார் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், அப்போது மணி பத்தாக ஐந்து நிமிடம். "என் பிள்ளைங்க மேல சத்தியமா கடுங்குளிர்ச் சரக்கு" என்று ப்ரோகோப்பி அடித்துச் சொன்னதை நம்பிவிட்டான். அந்த ஊரில் ப்ரோகோப்பி என்றொரு கட்டைப் பிரம்மச்சாரி இருப்பதாக மனைவி எப்போதோ சொன்னது, இருபது கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

டீசல் எங்கே போட்டாய் என்று மாமியார் கேட்டால் டவுன் பங்க்கில் என்று சொல்ல வேண்டும். அதை வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

நான்காவது இருமலில் வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. ஆய்தால் இன்ஜினை அணைக்காமல் இறங்கி இன்ஜின் மூடியைத் திறந்தான். விட்ட மூச்சு காதருகே சரசரவென்று உறைந்து உதிர்ந்தது. அவனிடம் மாற்று டீசல் ஃபில்டர் ஒன்றே ஒன்று இருந்தது. அதைப் போட்டுவிட்டுக் கழற்றியதைப் பார்த்தான். உள்ளே ஆறிப்போன ஆட்டுக்கொழுப்பு மாதிரி வெள்ளையாக மெழுகு அப்பியிருந்தது. சந்தேகமே இல்லை, கோடை டீசல்.

தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. மத்ரோனா இறங்கி வந்திருந்தார். மெழுகைக் கொஞ்சம் விரலால் வழித்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அவர் முகம் மாறியது. ஆய்தால், வந்துவிட்டது கேள்வி என்று நினைத்து, "டவுன் பங்க்" என்பதை நுனி நாக்கில் தயாராக வைத்துக்கொண்டான்.

"பிளாஸ்க்ல சூடா டீ இருக்கு மாப்பிள்ளை. ஊத்திப் பாக்குறீங்களா?" என்றார் மத்ரோனா.

கேட்கவில்லை. இது அவனை இன்னும் பயமுறுத்தியது. திட்டுகிற மாமியாரைச் சமாளித்துவிடலாம், பணிவாகப் பேசுகிற மாமியாரை என்ன செய்வது?

புது ஃபில்டர் மேலும் டீசல் குழாய் மேலும் டீயை ஊற்றினான். இன்ஜின் இரண்டு நிமிடம் சந்தோஷமாக ஓடியது. மூன்றாவது நிமிடம் பால் டீ குழாயைச் சுற்றிப் பழுப்பு ஐஸாக இறுகிப்போய், முன்பைவிட மோசமாகத் திணறியது.

அடுத்து, மரம் அறுக்கும் மெஷினுக்காக வைத்திருந்த ஐந்து லிட்டர் பெட்ரோல் நினைவுக்கு வந்தது. டாங்கியில் கலந்தால் மெழுகு இளகும் என்று எவனோ சொல்லியிருந்தான். அவசரமாக ஊற்றியதில் முக்கால்வாசி உள்ளே போனது, கால்வாசி கையுறையில் போனது. இன்ஜின் உள்ளேயிருந்து சுத்தியலால் தட்டுவதுபோல நாலு தட்டுத் தட்டிவிட்டு நின்றேபோயிற்று.

அதன் பிறகு வந்த அமைதியைப்போல ஒன்றை ஆய்தால் வாழ்நாளில் கேட்டதில்லை. எட்டு மாதக் குழந்தையாக இருந்ததிலிருந்து அவன் குளிர்காலம் எல்லாமே ஏதோ ஓர் இன்ஜின் சத்தத்தில் கழிந்தவை. பெட்ரோலில் நனைந்த விரல்கள் வெளுத்து மரத்துப்போனதுகூட உடனே தெரியவில்லை.

மத்ரோனாதான் பார்த்தார். கையுறையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவன் கையை இழுத்துத் தன் மேலங்கிக்குள் கம்பளிச் சட்டைமேல் அழுத்தி வைத்துக்கொண்டார். ஐந்து நிமிடம் அப்படியே நின்றார்கள். மாமியாரின் மூஞ்சிக்கு இவ்வளவு பக்கத்தில் அவன் நின்றதே இல்லை. அவர் கண்ணில் நீர் கோத்து, இமையில் உறைந்திருந்தது. கோபத்தில் அழுகிறார் என்று முடிவு செய்தான்.

"அத்தை, இந்த டீசல்..."

"இப்ப அதெல்லாம் எதுக்கு? விரல் வலிக்குதா, அதைச் சொல்லுங்க."

"வலிக்குது."

"வலிச்சா நல்லது. உசுரு இருக்கு."

வீட்டுக்குப் போய் மகள் முன்னால் வைத்துக் கேட்பதற்காகச் சேர்த்து வைக்கிறார். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

இனி டாங்கியை அடியிலிருந்து சூடாக்குவது ஒன்றுதான் வழி. அதற்கென்றே பெட்ரோலில் எரிந்து தீயைப் பீய்ச்சும் ஊது விளக்கு ஒன்று இருந்தது. எடுத்துக் குலுக்கினால் காலி. அதற்கு ஊற்ற வேண்டிய பெட்ரோலைத்தான் அவன் கால் மணி நேரத்துக்கு முன்னால் டாங்கிக்குள் ஊற்றியிருந்தான்.

மணி ஒன்று. மூன்று மணிக்கு வெளிச்சம் போய்விடும். கரை இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மார்பளவு பனிக்கு அப்பால். ஆய்தால் லாரியின் பக்கப் பலகைகளைப் பெயர்த்துத் தகரத் தட்டில் அடுக்கிக் கொளுத்தி டாங்கிக்கு அடியில் தள்ளினான். பலகை தீர்ந்தது. உட்காரும் மெத்தையைக் கிழித்துப் போட்டான். அதுவும் தீர்ந்தது. அப்போது மத்ரோனா வண்டியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கினார். மகளுக்கென்று சொல்லிச் செய்த, மூடி முழுக்கச் செதுக்கிய பெட்டி.

"ஐயோ, அது வேண்டாம் அத்தை."

"நீங்க தள்ளுங்க. நானே உடைக்கிறேன்."

பூட்ஸ் காலால் அவர் மிதித்த மிதியில் பெட்டி நாலாகப் பிளந்தது. அடுத்த மிதி தனக்குத்தான் என்று ஆய்தால் ஒதுங்கி நின்றான். பெட்டி பற்றியதும் மத்ரோனா டப்பாவைத் திறந்து, வெண்ணெய் தடவிய பணியாரம் ஒன்றை எடுத்து நெருப்புக்குப் படைத்தார். பயணத்தில் நெருப்புக்கு ஒரு வாய் கொடுப்பது எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒன்றோடு நிறுத்தவில்லை. இரண்டாவது, மூன்றாவது என்று டப்பாவையே காலி செய்துவிட்டு, மண்டியிட்டு நெருப்பிடம் ரொம்ப நேரம் முணுமுணுத்தார். "பேராசை" என்ற சொல்லும் "மன்னிச்சிடு" என்ற சொல்லும் மட்டும் ஆய்தாலுக்குக் கேட்டன. தனக்காக மாமியார் மன்னிப்புக் கேட்கிறாரே என்று அவமானத்தில் குறுகிப்போனான். அப்படியே இங்கேயே உறைந்துவிட்டால்கூட நல்லதுதான் என்று ஒரு கணம் தோன்றியது.

நெருப்புக்குப் பணியாரம் பிடித்திருக்க வேண்டும், நன்றாக எரிந்தது. தகரத்துக்கடியில் பனி உருகி, அந்தத் தண்ணீர் ஓடிப் பின்சக்கரங்களைச் சுற்றித் தேங்கி, கண்ணெதிரே இறுகியது. வண்டி ஆற்றோடு ஒட்டிக்கொண்டது. பிறகு ஏதோ கருகும் நாற்றம் வந்தது. குனிந்து பார்த்தான். டாங்கியை ஒட்டிப் போன ஒயர்கள் எல்லாம் உருகித் தொங்கின. இனி டீசல் இளகினாலும் வண்டி கிளம்பாது.

"என்ன ஆச்சு?" என்றார் மத்ரோனா.

"ஒண்ணுமில்ல அத்தை" என்று சொல்லிவிட்டு ஆய்தால் அழ ஆரம்பித்தான். அவர் தன் ரோமத் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்து, சால்வையால் தன் தலையைச் சுற்றிக்கொண்டார்.

இரண்டரை மணிக்கு, அவர்கள் விட்டு வந்த ஊர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு லாரியின் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. அதை ஓட்டி வந்தவர் ஸ்பிரிதோன் என்ற மத்ரோனாவின் ஊர்க்காரர். இறங்கியவுடன் எதுவும் கேட்காமல் இருவரையும் தன் வண்டிக்குள் தள்ளி, ஆளுக்கொரு கோப்பை சூடான மாமிச சூப் கொடுத்தார். தன்னுடைய ஊது விளக்கை எடுத்துக்கொண்டு இவர்கள் டாங்கியைச் சுற்றி வந்தார். போனவர் உடனே திரும்பி வந்து கதவைத் திறந்தார்.

"தம்பி, என்னமோ வாடை அடிக்குது. இதுல என்ன ஊத்தியிருக்கே? உண்மையைச் சொல்லு. தெரியாம நெருப்பைக் காட்டினா நான் போய்ச் சேந்துடுவேன்."

ஆய்தால் மாமியாரைப் பார்த்தான். அவர் ஜன்னல் வழியாகத் தூரத்துக் கரையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். குன்னெய் துணி மூட்டை கட்டுவது ஆய்தாலின் கண்முன்னே தெரிந்தது. ஆனால் எதிரே நிற்பவர் உயிர் பெரிது. கண்ணை மூடிக்கொண்டு கொட்டிவிட்டான்.

"பெட்ரோல் அஞ்சு லிட்டர் ஊத்தினேன். மிச்சமெல்லாம் பங்க் டீசல் இல்ல. மலிவா கிடைக்குதுன்னு காலையில கொதிகலன் கூடத்துக்குப் பின்னாடி ப்ரோகோப்பி கிட்ட அடிச்சேன். என் புத்திதான் காரணம். அத்தை, என்னை மன்னிச்சிடுங்க."

மத்ரோனா சால்வையை முகம்வரை இழுத்து விட்டுக்கொண்டார். ஸ்பிரிதோன் ஆய்தாலைப் பார்க்கவே இல்லை. தன் முகத்துக் கம்பளியைக் கீழே இழுத்துவிட்டு மத்ரோனாவைத்தான் பார்த்தார்.

"என்னக்கா இது, அந்த ப்ரோகோப்பியை வச்சு நீங்க விக்கிற உங்க பீப்பாய் டீசலை, சொந்த மருமகனுக்குமா ஊத்தச் சொன்னீங்க?"