ஸ்ட்ராபெரி பறித்த கற்பனைப் பையன்

பட்டிமன்றம் பேசுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த அணி என்று சொல்லிவிட்டால் போதும், பிறந்ததிலிருந்தே அந்தக் கட்சிதான் என்பதுபோல நாக்கு சுழல ஆரம்பித்துவிடும். எனக்கு அது முற்றியிருந்தது.

மலேசியாவில், புஞ்சாக் ஆலாம் கோயில் மண்டபத்தில் பட்டிமன்றம். மாணவர் விசாவைத் தவறாகப் பயன்படுத்துவோர் பலரா, சிலரா? எனக்குப் 'பலரே' அணி. எதிரணியில் யோகேஸ்வரி. (மறு வாரம் அவளைப் பெண் கேட்டுப் போவதாக இருந்தோம். மாப்பிள்ளை எப்படிப் பேசுகிறார் என்று பார்க்க அவள் அம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.) இவ்வளவு தெரிந்தும் நான் அடக்கி வாசிக்கவில்லை.

கையில் ஆதாரம் எதுவும் இல்லை. ஆகவே மேடையிலேயே ஒரு பையனை உருவாக்கினேன்.

"நம்ம எஸ்டேட்டுப் பையன். ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போனான். அங்கே புத்தகத்தைத் தொடவில்லை, ஸ்ட்ராபெரி பறிக்கிறான். தாத்தா இங்கே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், பேரன் விமானம் ஏறிப் போய்த் தோட்ட வேலை பார்க்கிறான்!"

கைதட்டல் அடங்க நேரமானது. யோகேஸ்வரி எழுந்தாள்.

"பையன் பேரு என்னாங்க?"

இல்லாத பையனுக்கு ஏது பெயர்? "குடும்ப மானம் கருதிச் சொல்லவில்லை" என்றேன், பெருந்தன்மையாக.

அவள் தம்பி மெல்பர்னில் படிப்பது எனக்குத் தெரியாது. (தரகரிடம் பெண்ணைப் பற்றித் தவிர வேறெதையும் நான் கேட்கவில்லை.) மானம் என்றதும் அவள் அம்மா கைப்பேசியில் மகனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய், நீ ஸ்ட்ராபெரி பறிக்கிறியா?"

"யாரும்மா சொன்னது? செமஸ்டர் லீவுலதான் லா. விசாவுலயே அனுமதி இருக்கு."

மண்டபம் சிரித்துத் தீர்த்தது. "நடுவர் அவர்களே, எதிரணிக்குக் கெடைச்ச ஒரே ஆளும் சட்டப்படிதான் வேலை செய்யுறாரு" என்று சொல்லி யோகேஸ்வரி உட்கார்ந்தாள். நடுவர் 'சிலரே' என்று தீர்ப்பளித்தார். உண்மையில் பலரா சிலரா என்பது நடுவர் உட்பட அங்கே யாருக்கும் தெரியாது. என் கவலை வேறு.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அவள் அம்மா சொன்னார்: "என் பையன் படிச்சு முடிக்கட்டும் தம்பி. அப்புறம் கல்யாணத்தப் பேசலாம்."

என் சொந்தப் பரீட்சைக்குக்கூட நான் அப்படிச் சாமி கும்பிட்டதில்லை.

அவன் பட்டம் வாங்கினான், எனக்குக் கல்யாணம் நடந்தது. அந்தப் பட்டத்தின் பிரதி ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாமியாரே மாட்டிவிட்டுப் போனார். விருந்துக்கு வருகிறவர்கள், "இது யாரு படிச்சது?" என்று கேட்பார்கள். யோகேஸ்வரி சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இவருகிட்டயே கேளுங்க, நல்லா பேசுவாரு" என்பாள்.