கழுத்துப் பட்டியில் மூன்று எழுத்து

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து மோசம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவன் நான். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். யார் எங்கே நிற்க வேண்டும் என்று அவர்களும் சொல்வதில்லை, எனக்கும் தெரிவதில்லை. பிழை கண்டால் திருத்திப் படியுங்கள். கோபம் இருக்கிற இடங்களில் மட்டும் எதையும் திருத்த வேண்டாம். அது தெரிந்தே எழுதியது.

ஒரு பெண்ணிடம் வயதைக் கேட்கலாம். உண்மைக்குப் பக்கத்தில் ஏதாவது சொல்வாள். உடுப்பின் அளவைக் கேட்கக் கூடாது. கேட்டால் வருகிற பதிலை நம்பக் கூடாது. நம்பவில்லை என்பதற்காக நாமே கண்டுபிடிக்கப் போகவே கூடாது. மூன்றையும் செய்த ஒரே ஆள் றக்வானைப் பக்கத்து மலைகளில் நான்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் சாக்குக்காரன். பெண்கள் பறித்து வரும் கொழுந்தை நிறுவைக் கொட்டிலில் நிறுத்ததும், சாக்கில் கட்டி லொறியில் ஏற்றுவது என் வேலை. சாக்குகளோடு நன்றாகப் பழகுவேன். மனிதர்களோடு அவ்வளவாக இல்லை. பெண்கள் கூட்டமாக வந்தால் தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பேன். (என் கல்யாணத்தில் தாலி கட்டும்போதும் பக்கத்தில் இருந்த குத்துவிளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேனாம். செல்வராணி இன்னும் சொல்வாள்.)

செல்வராணி என் மனைவி. எங்கள் டிவிசனில் அவளைப் போலக் கொழுந்தெடுக்க ஆள் கிடையாது. இரண்டு கையும் செடிமேல் போகும் வேகத்தில் விரல் தெரியாது. அந்த வருஷம் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு கொழுந்துப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு தையல் மெஷின்.

அந்த மெஷின் அவளுக்கு ஏன் வேண்டும் என்பதைச் சொல்லியாக வேண்டும். கஹவத்தை டவுனில் ஒரு டெய்லர் இருக்கிறான். தீபாவளிக்குச் சட்டை தைக்கக் கொடுக்கப் போனவளிடம், கடையில் நாலு பேர் நிற்கும்போது, "அக்கா, இந்த ஒரு மீற்றர் உங்க ஒரு கைக்கே போயிடும். மத்தக் கைக்கு என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறான். நானும் அங்கேதான் நின்றேன். அவன் கடைச் சுவரில் தொங்கிய கலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வரும்போது அவள் சொன்னாள்:

"ஒரு மெஷின் மட்டும் கையில கெடச்சா, இனிமே ஒரு பய எடுத்த டேப்பும் எம்மேல படாது."

போட்டி அறிவித்த நாளிலிருந்து அவள் அந்த மெஷினை வீட்டில் எங்கே வைப்பது என்று இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கட்டிலின் கால்மாட்டை அதற்கு ஒதுக்கியாயிற்று.

இந்த நேரத்தில்தான் கம்பனிக்காரர்கள் ஒரு யோசனை செய்தார்கள். போட்டிக்கு வரும் பெண்கள் எல்லோரும் கம்பனிப் பெயர் போட்ட டீசேர்ட் உடுத்த வேண்டும். படம் நன்றாக வருமாம். எங்கள் பீல்ட் ஒபிசர் என்னைக் கூப்பிட்டார்.

"முத்தையா, பொம்பளைங்ககிட்ட சைஸ் கேட்டு வந்து சொல்லு. நீதான் எந்நேரமும் அங்கன நிக்கிற."

வேறு யாரையாவது அனுப்புங்கள் ஐயா என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சரிங்கய்யா" என்று வெளியே வந்தது. என் வாய் எப்போதும் அப்படித்தான்.

மறுநாள் நிறுவைக் கொட்டிலில் தராசைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"டீசேட்டு தர்றாங்களாம். என்ன சைஸ்னு கேக்கச் சொன்னாங்க."

"தராசுகிட்டயா கேக்குறீங்க?" என்றாள் பூங்கொடி. எல்லோரும் சிரித்தார்கள்.

"எனக்கு எம்மு" என்றார் கனகம் அக்கா.

"எனக்கும் எம்மு" என்றாள் அவர் மகள். அம்மாவின் நிழலில் அவளைப் போல இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கலாம்.

"எம்முதான், எம்மு" என்று சொல்லிக்கொண்டே மற்றவர்களும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். செல்வராணி கொஞ்சம் யோசித்து, என்னைப் பார்க்காமல், "எம்முன்னே சொல்லுங்க" என்றாள். வீட்டில் என் சட்டையே அவளுக்குப் பொத்தான் பூட்டாது.

பூங்கொடி மட்டும், "எனக்கு எல்லு போடுங்கண்ணே. சின்னதாப் போட்டா எலும்பு தெரியுது, மாப்பிள வீட்டுக்காரங்க காசநோயான்னு கேக்குறாங்க" என்றாள். தேயிலைக் குச்சிக்குச் சேலை கட்டினது போல இருப்பாள்.

பெருத்தவள் சின்ன உடுப்புக்குள் ஒளியப் பார்க்கிறாள், மெலிந்தவள் பெரிய உடுப்புக்குள் ஒளியப் பார்க்கிறாள். யாருக்குப் பயந்து என்று அன்றைக்கே யோசித்திருந்தால் நான் மனிதன். எனக்கு வந்த யோசனை வேறு: இவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள், உண்மையை நான் கண்டுபிடிக்கிறேன்.

கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டுவார்கள். செடி கிழிக்காமலும் ஈரம் படாமலும் இருக்க, தடித்த சீட்டுத்துணியைச் சுற்றி, அதன்மேல் கயிற்றால் இறுக்கி முடிவார்கள். தேத்தண்ணி நேரத்தில் அவிழ்த்துக் கொட்டில் கம்பத்தில் தொங்கப் போடுவார்கள். நாள்தோறும் ஒரே இடத்தில் முடிந்து முடிந்து, கயிற்றில் முடிச்சு விழும் இடம் நெளிந்து கறுத்திருக்கும். அந்த இரண்டு நெளிவுக்கும் இடையில் இருப்பதுதானே இடுப்பு? தச்சு வேலைக்காரரிடம் டேப்பை இரவல் வாங்கி, யாரும் இல்லாத நேரத்தில் கயிறு கயிறாக அளந்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு ஒரு வெற்றிலையும் போட்டேன்.

அது மழைக்காலம். அந்தக் கயிற்றுக்குள் வெறும் இடுப்பா இருந்தது? பாவாடை, அதன்மேல் சேலை, அதன்மேல் புருஷனின் பழைய சட்டை, அதன்மேல் சுவெட்டர், குளிருக்கு ஒரு பொலித்தீன், எல்லாவற்றுக்கும் மேலே படங்கு. நான் அளந்தது பெண்களை அல்ல, அலுமாரிகளை.

நான் அளவுகளைச் சொல்லச் சொல்ல, ஒபிசர் ஐயா போனில் கம்பனி அனுப்பிய அட்டவணையைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். டபுள் எக்ஸ் எல். அடுத்தவளுக்கும் டபுள் எக்ஸ் எல். பூங்கொடிக்கும் டபுள் எக்ஸ் எல். எந்த மடையனுக்கும் அந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்திருக்கும். எனக்கு, "பாவம், புள்ள நல்லாச் சாப்பிடுது போல" என்ற நினைப்புத்தான் வந்தது.

டீசேர்ட்டுகள் வந்தன. காலையில் எல்லோரும் வரிசையில் நிற்கும் பிரட்டுக்களத்தில், ஒபிசர் ஐயா ஒவ்வொன்றாக விரித்துப் பிடித்து, பெயரையும் சைஸையும் சேர்த்துக் கூப்பிட்டார். அவரை யாரும் அப்படிக் கூப்பிடச் சொல்லவில்லை. பெயரை மட்டும் சொல்லியிருக்கலாம். சும்மா கையில் கொடுத்திருக்கலாம்.

"செல்வராணி! டபுள் எக்ஸ் எல்! இது டீசேட்டா, லொறிக்கு மூடுற படங்கா?"

ஆம்பிளைகள் சிரித்தார்கள். கங்காணி சிரித்தார். அவர் வயிறு பெல்ட்டுக்கு மேலே தனியாகக் குலுங்கியது. அந்த வயிற்றுக்கு யாரும் எழுத்து வைக்கவில்லை. செல்வராணி டீசேர்ட்டை வாங்கி நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு மலைக்குப் போனாள். பெண்கள் என்னிடம் கேட்டபோது, "கம்பனிக்காரன் மாத்தி அனுப்பிட்டான்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் அவள் ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து, மற்றப் பாதியை என் தட்டில் வைக்க ஆரம்பித்தாள்.

"ஏன், பசிக்கலியா?"

"அந்த டெய்லரு சொன்னது சரிதான் போல" என்றாள்.

எங்கள் மகள் வசந்தி கார்மெண்ட்சில் வேலை செய்கிறாள். கழுத்துப் பட்டியில் சைஸ் லேபல் தைக்கும் வரிசையில்தான் அவள் மெஷின். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அம்மா, அந்த லேபலத் தைக்கிறதே நான்தாம்மா! ஒரே அளவு துணிக்கு ஒரு நாட்டுக்கு ஒரு நம்பரு போடுவோம், இன்னொரு நாட்டுக்கு வேற நம்பரு. துணி அதேதான். சும்மா நம்பரும்மா அது. அதுக்குப் போயி பட்டினி கெடக்குறியே!"

செல்வராணி கேட்டுக்கொண்டாள். ஆனாலும் பாதி ரொட்டிதான். வசந்தி சொன்னதைக் கேட்டு எனக்குத்தான் வயிறு எரிந்தது. என் மகள் கையால் குத்துகிற ஒரு துண்டுத் துணி. அது நாட்டுக்கு நாடு மாறும். அதற்காக, கூடை நிறையக் கொழுந்தைத் தலையில் மாட்டிக்கொண்டு செங்குத்தில் ஏறுகிற ஒருத்தி, அரை ரொட்டியோடு ஏற வேண்டும்.

போட்டி நாளும் வந்தது. வெள்ளைக் கொட்டகை, ஒலிபெருக்கி, கொழும்பிலிருந்து படம் பிடிக்கிறவர் எல்லாம் இருந்தது. விசில் ஊதினார்கள். செல்வராணி செடியில் கை வைத்தாள், டீசேர்ட்டின் கழுத்து ஒரு பக்கத் தோளிலிருந்து வழுக்கி இறங்கியது. ஊசி குத்தித்தான் வந்திருந்தாள். குனிந்த வேகத்தில் அது பிய்த்துக்கொண்டது. இழுத்து விட்டாள். மறுபடி இறங்கியது. கடைசியில் இடது கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் பறித்தாள். என் மனைவி ஒற்றைக் கையால் கொழுந்தெடுத்ததை நான் பார்த்தது அன்று மட்டும்தான். பக்கத்து வரிசையில் பூங்கொடி எங்கே என்று தேடினால் ஒரு டீசேர்ட் தானாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது.

அப்படியும் செல்வராணி இரண்டாவதாக வந்தாள். மெஷின் பலாங்கொடைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்குப் போனது. எங்களுக்கு ஒரு சுடுதண்ணிப் போத்தல்.

அதோடு விட்டிருந்தாலும் நான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன். பரிசு வாங்கியவர்களைப் படம் எடுக்க நிறுத்தினார்கள். படம் பிடிக்கிறவர் கமராக் கண்ணாடிக்குள் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், செல்வராணியைப் பார்த்துக் கையை அசைத்தார்.

"அக்கே, பொட்டக் பஸ்ஸட்ட யன்ன."

சிங்களத்தில் கொஞ்சம் பின்னால் போகச் சொன்னார். அவள் ஒரு அடி வைத்தாள். இன்னும், இன்னும் என்றார். முன்னால் பூங்கொடியை நிறுத்தினார். பரிசே வாங்காத பூங்கொடியை! ஒல்லியாக இருக்கிறாளாம், படத்துக்கு நல்லதாம். செல்வராணி போத்தலை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கடைசி வரிசைக்கும் பின்னால், கொட்டகைத் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

மலையில் மூட்டை தூக்க உடம்பு வேண்டும். படத்தில் அந்த உடம்பு வேண்டாம். எனக்குள் ஏதோ அறுந்தது. நான் சாக்குகளோடு தராசு மேசையோரம் நின்றிருந்தேன். என் முன்னால் மேசையில் அறிவிப்பாளரின் மைக் கிடந்தது. அது அணைக்கப்படவில்லை என்பது எனக்குத் தெரியாது.

"எதுக்குய்யா எம்பொண்டாட்டி பின்னால போகணும்?" என்றேன். மலை முழுக்கக் கேட்டது. அந்தச் சத்தம் யாருடையது என்று நானே திரும்பிப் பார்த்தேன். ஆனாலும் வாய் நிற்கவில்லை. பல வருஷத்து வாய் அல்லவா? "அவ கையால பறிச்ச கொழுந்துலதான் ஒங்க கம்பனி நடக்குது! அவ ஒண்ணும் டபுள் எக்ஸ் எல் இல்ல! கயித்த அளந்தது நான்! எல்லாத்து இடுப்புக் கயித்தையும் நான்தான் அளந்தேன்! உள்ள சுவெட்டரு போட்டிருந்தத மறந்துட்டேன்! அவளுக்கு இடுப்பு வெறும்…"

"வாய மூடுங்க!" என்று பாய்ந்து வந்தாள் செல்வராணி. அதுவும் மைக்கில் கேட்டது.

எதிர்மலை மட்டும் "மூடுங்க" என்று திருப்பிச் சொன்னது. பிறகு கனகம் அக்காவின் குரல் மெதுவாக எழுந்தது.

"எல்லாத்து கயித்தையுமா?"

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை எழுத என் எழுத்து போதாது. ஒரு வாரம், பெண்கள் ஒளித்து வைத்த என் சாக்கை நானே தேடி எடுக்க வேண்டியிருந்தது. நிறுவைக் கொட்டிலில் என் தலையைக் கண்டால் பெண்கள் கயிற்றைச் சுருட்டி மடியில் செருகிக்கொள்வார்கள்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். மைக்கைப் பிடுங்கி வைத்த செல்வராணி தூணுக்குப் பின்னால் திரும்பிப் போகவில்லை. நேரே முன்வரிசைக்குப் போனாள். பூங்கொடி தானாக விலகி இடம் விட்டாள். அவள் நடுவில் நின்று, "இப்ப எடுங்க" என்றாள். எடுத்தார்கள். அந்தப் படம் இன்றும் தோட்டத்து ஒபிசில் தொங்குகிறது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். செல்வராணி மட்டும் கமராவைப் பார்க்காமல், ஓரத்தில் யாரையோ எரிப்பதுபோலப் பார்க்கிறாள். அந்த ஓரத்தில் நின்றவன் நான்தான்.

அன்றைக்கு ராச்சாப்பாட்டில் அவள் முழு ரொட்டி சாப்பிட்டாள். பிறகு என் தட்டிலிருந்து பாதியைப் பிய்த்து அதையும் சாப்பிட்டாள்.

மெஷின் இல்லாமலே, கையூசியால், அவள் அந்த டீசேர்ட்டை வெட்டி எனக்கொரு தலையணை உறை தைத்தாள். கழுத்துப் பட்டியை மட்டும் வெட்டவில்லை. லேபல் மேலே வரும்படி, சரியாக என் கன்னம் படும் இடத்தில் வைத்துத் தைத்திருக்கிறாள். திருப்பிப் போட்டுப் படுத்தால், நான் தூங்கியபிறகு எழுந்து சரியாக்கி வைக்கிறாள்.

இன்று காலையிலும் முகம் கழுவப் போனபோது வசந்தி என்னைப் பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டாள்.

"அம்மா, அப்பா கன்னத்துல சைஸ் விழுந்திருச்சு!"

"நல்லாப் பாரு" என்றாள் செல்வராணி உள்ளேயிருந்து. "எம்முதான் இருக்கும்."

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை.