ஒப்ஷன் காக்காவும் என் டபள் கெப்பும்

கல்முனையில் ஒப்ஷன் காக்காவைக் கூட்டிப் போகாமல் பின்பெட்டி வைத்த டபள் கெப் வண்டி வாங்கியவன் எவனும் உருப்பட்டதில்லை. கூட்டிப் போயும் உருப்படாதவன் நான் ஒருவன்தான்.

ஊருக்கே அண்ணனான இந்தக் காக்காவின் சொந்தப் பெயர் பள்ளிவாசல் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். எந்தக் கெப்பில் எந்த ரகத்துக்கு என்ன உண்டு, என்ன இல்லை என்று ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் ஒப்புவித்துவிடுவார். ஆனால் அவரிடம் வண்டி ஓட்ட லைசன் கிடையாது. மணியும் மட்காட்டும் இல்லாத ஒரு சைக்கிளில்தான் போக்குவரத்து.

"இது பேஸ் மொடல் தம்பி. பழுதாகிறதுக்கு இதில ஒண்டுமில்ல" என்பார்.

வண்டி பார்க்கப் போனால் மற்றவர்கள் எஞ்சினைப் பார்ப்பார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பெட்டியில் ஏறி நீட்டி நிமிர்ந்து படுப்பார். தலையும் காலும் இடிக்காவிட்டால் நெல் மூட்டை ஒழுங்காக அடுக்கலாமாம். என்னோடு வந்த அன்றும் படுத்தார். விற்பனையாளருக்குப் பாதியில் பேச்சு மறந்துபோனது.

"தம்பி, இரும்புச் சில்லு, றப்பர் தரை, தொறந்த பெட்டி. வயல் வேலைக்கு ஒனக்கு இது காணும்" என்றார் படுத்தபடியே.

என் கண்ணோ பக்கத்தில் நின்ற உச்ச ரகத்தில். தோல் இருக்கை, மினுங்கும் அலோய் சில்லு, கூரையில் கண்ணாடி, கதவோரம் நீல வெளிச்சம், பொத்தானை அமுக்கினால் பின்பெட்டியைத் தானாக மூடித் திறக்கும் சுருள் மூடி.

"நீ வயலுக்கு வாங்கிறியா, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கா?"

ஐம்பது வயதில் மாப்பிள்ளை ஆசை வந்தவனுக்குப் புத்தி ஏறுமா? "புல் ஒப்ஷன்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

கூரைக் கண்ணாடியை ஒரு பகல் திறந்தேன். என் வழுக்கை மாலை அஸர் தொழுகை வரை கொதித்தது. அதன்பிறகு பின்னேரங்களில் கடற்கரை மணலில் கெப்பை நிறுத்தி, மூடியைத் திறந்து மூடி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பதே என் தொழிலானது. ஆடுகள் பார்த்தன.

அறுவடை முடிந்து உடன்பிறந்த ராத்தாவின் கணவர், என் மச்சான், வீதியோரம் தார்ப்பாய்ப் படங்கு விரித்து விதைநெல் காயப்போட்டிருந்தார். அடுத்த போகம் முழுவதும் அதை நம்பித்தான். ஒரு நாள் மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது.

"மச்சான், மழ இருட்டிக்கிட்டு வருகுது. கெப்பக் கொண்டு வாங்க."

பறந்து போனேன். மச்சானும் உதவிக்கு வந்த ஒப்ஷன் காக்காவும் நெல்லை அள்ளி மூட்டை கட்டி முடித்திருந்தார்கள். பொத்தானை அமுக்கினேன். மூடி நாலு விரல் திறந்து, 'பீப்' என்று கத்தி, மறுபடி மூடிக்கொண்டது. மறுபடி அமுக்கினேன். மறுபடி 'பீப்'. கடற்கரை மணல் முழுக்க மூடி ஓடும் தடத்துக்குள் போயிருந்தது. முதல் துளி என் வழுக்கையில் விழுந்தது. மச்சான் என்னைப் பார்க்காமல் மூட்டைகளைப் பார்த்தார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காக்கா என்னைத் தள்ளிவிட்டு, பின்பெட்டியின் இடப்பக்க மூலையில் ஒரு சின்ன மூடியைக் கழற்றி, உள்ளே கைவிட்டு ஒரு சிவப்புக் கயிற்றை இழுத்தார். 'டக்' என்றது. கையாலேயே மூடியைச் சுருட்டித் தள்ளினார். மூட்டைகள் ஏறின.

"இது எப்பிடிக் காக்கா தெரியும்? எனக்கே தெரியாதே."

"நீ என்ட சொல்லுக் கேக்காம வாங்கின அண்டைக்கே தேடிப் படிச்சிட்டன். பழுதானா நீ வேற ஆருக்கிட்டப் போவாய்?"

முன்கதவைத் திறந்துவிட்டேன். "முன்னுக்கு ஏறுங்க காக்கா, நனையாதீங்க" என்றேன்.

"நெல்லு நனையும், ஓட்டு" என்று மூட்டைகள் மேல் ஏறி, படங்கை இழுத்து மூடி, அதன் நாலு பக்கமும் பறக்காமல் கையையும் காலையும் விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டார்.

மழை கொட்டியது. அந்தக் கெப்பை வாங்கியதிலிருந்து அன்றுதான் முதல் தடவையாக ஒவ்வொரு குழிக்கும் பிரேக் போட்டு, பின்னால் படுத்திருந்த மனிதருக்கு நோகாமல் ஓட்டினேன்.