கோப்புக்கு என் முழங்காலே சாட்சி

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். அங்கே நீங்களும் தங்கையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி, விஷயத்துக்கு வருகிறேன்.

சத்து மாத்திரை ஆய்வுக்கு அரசு நிதியை இன்னும் ஓராண்டு நீட்டிப்பதா என்ற கோப்பு உங்கள் மேசையில் இருப்பதாகவும், திங்கட்கிழமை அதை நிராகரிக்கப் போவதாகவும் கேள்விப்பட்டேன். "கடையில விக்கிற மாத்திரைக்கு அரசாங்கம் எதுக்கு அத்தான் ஆராய்ச்சி பண்ணணும்?" என்று போனில் கேட்டீர்கள். இதோ என் பதில். விற்கிறவரே ஆராய்ந்தால் எல்லாமே நல்ல மாத்திரைதான். அந்த ஆய்வில் இருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். நிதி நின்றால் அத்தனை பேரும் பாதியில் நிற்போம்.

முப்பத்தோரு ஆண்டு லிஃப்ட் பழுதுபார்த்தவன், முழங்கால் வலியால் படியேற முடியாமல் ஓய்வு பெற்றேன். இந்த ஆய்வில் பாதிப் பேருக்கு அசல் மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாவு மாத்திரை, யாருக்கு எது என்று கொடுக்கிற செவிலியருக்கே தெரியாது, ஆனால் எனக்குத் தெரியும், ஏனென்றால் மூன்றாம் வாரமே வலி குறைந்துவிட்டது. போன மாதம் ஆய்வு மையத்துக்குப் போனபோது லிஃப்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நாலாம் மாடிக்குப் படியேறினேன், ஏறிய வேகத்தில் அஞ்சாம் மாடிக்கே போய்விட்டேன், அங்கே ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள், வாயைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தேன். "எந்தப் பல்லுங்க ஐயா?" என்றார் மருத்துவர். "பல்லு இல்லம்மா, முழங்காலு." "அதுக்கா இவ்வளவு நேரம் வாயைத் தெறந்து வச்சிருந்தீங்க?" கீழே வந்து, கேட்காமலே இருபது தோப்புக்கரணம் போட்டுக் காட்டினேன், இருபத்தோராவதில் கால்சட்டை கிழிந்தது, செவிலியரின் மேலங்கியைச் சுற்றிக்கொண்டு வீடு வந்தேன். "முழங்கால் சரியாயிடுச்சு, மூளை எப்போ சரியாகும்?" என்றாள் உங்கள் அக்கா.

ஆகவே தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். தங்கைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் பேனாவில் மை குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் செவிலியர் மீதி மாத்திரையை எண்ண வந்தார். புட்டியின் முத்திரையே உடையவில்லை. அறுபதுக்கு அறுபதும் இருந்தன. "அப்போ ரெண்டு மாசமா தினமும் என் கையில குடுத்தது என்ன?" என்று உங்கள் அக்காவைக் கேட்டேன். அவள் ஆயுள் முழுக்கப் பண்டகசாலையில் வேலை பார்த்தவள் அல்லவா? "பழைய சரக்கு தீராம புதுசை எப்படிங்க உடைக்கிறது? முடி வளர நான் வாங்கி வச்சது ரெண்டு புட்டி சும்மா கெடந்துச்சு" என்றாள். என் தலையைத் தடவிப் பார்த்தேன். மாற்றமில்லை. செவிலியர் நெடுநேரம் குறிப்பெழுதிவிட்டு, என்னை ஆய்விலிருந்து நீக்கினார்.

கடிதத்தை நான் மாற்றப்போவதில்லை. தலைக்கு விற்ற மாத்திரை தலைக்கு என்ன செய்கிறது, காலுக்கு என்ன செய்கிறது என்று கடைக்காரர் சொல்வாரா? பாக்கி இருநூற்றுப் பதினொரு பேர் வீட்டில் பண்டகசாலைக்காரர் யாரும் இல்லை என்று நம்புகிறேன். ஓராண்டு போதாது மாப்பிள்ளை, இரண்டாகப் போடுங்கள்.